வாசகர் கேள்வி பதில்: பாறையும் கள்ளியும்

டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்கு ஒருநாள் கூட்டிப்போவதாகச் சொல்கிறாள். என் கணவருக்கு முழங்கால் வலி. எனக்கு நடக்கப் பிடிக்கும். இருவருக்கும் ஒத்துவருமா?
– வாசகி, திருச்சி

தாராளமாகப் போய்வரலாம். டிசம்பரில் பகல் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இரவில் உறைநிலைக்கு இறங்கிவிடும். வெயிலில் கழற்றிய ஸ்வெட்டரைப் பாறை நிழலுக்குள் நுழைந்ததும் தேடுவீர்கள், அதைக் காரில் விட்டுப் போகாதீர்கள்.

மேற்கு வாசல் வழியாகக் காலை 8 மணிக்குள் நுழைந்துவிடுங்கள். வார இறுதியில் அதற்குப் பிறகு வாசலில் கார்கள் வரிசை கட்டும். முதலில் ஹிடன் வேலி. 1.6 கி.மீ. வட்டப் பாதை, நாலாபுறமும் பாறைச் சுவர். தூரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கங்கே உயரம் ஒழுங்கில்லாத கற்படிகள் வரும், மூட்டு வலிக்காரர்களை ஏற்றத்தைவிட இறக்கம்தான் படுத்தும். கணவர் கைத்தடியோடு வரலாம், அல்லது அங்குள்ள பிக்னிக் மேஜையில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு ஏற்றது கேப் ராக். 650 மீட்டர்தான். சக்கர நாற்காலியே போகக்கூடிய சமதளம், பாறைக்கும் குறை இல்லை.

அடுத்து பார்க்கர் அணை, 1.8 கி.மீ. மாடு மேய்ப்பவர்கள் 1900-ஐ ஒட்டிக் கட்டிய சிறிய அணை. மழை பெய்திருந்தால்தான் தண்ணீர் இருக்கும், ஏரியை எதிர்பார்த்துப் போகவேண்டாம். மதியத்துக்கு மேல் ஸ்கல் ராக். மண்டையோட்டுப் பாறை சாலையோரத்திலேயே இருக்கிறது. பெரும்பாலானோர் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நடக்க ஆசையுள்ள நீங்கள் அதைச் சுற்றிவரும் 2.7 கி.மீ. பாதையில் போங்கள், கூட்டம் சட்டென்று குறைந்துவிடும்.

கடைசியாக, பின்டோ பேசின் சாலையில் இறங்கி சோய்யா கள்ளித் தோட்டம். 400 மீட்டர் சமதளம். மாலைச் சூரியனுக்கு எதிராக நின்று பார்த்தால் ஒவ்வொரு கள்ளியின் முள்ளும் ஒளிரும். டிசம்பரில் நாலரை மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும், மூன்றரைக்கே அங்கே இருங்கள்.

ரயன் மலை உங்கள் பட்டியலில் இருந்தால் தனி நாள் வைத்துக்கொள்ளுங்கள். போக வர 4.8 கி.மீ.தான் என்றாலும் ஆயிரம் அடிக்கு மேல் ஏற்றம்.

சோய்யா கள்ளி பாய்ந்து வந்து குத்தும் என்கிறார்களே, உண்மையா? குத்திவிட்டால் என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பாயாது. அதன் தண்டு கணுக் கணுவாக, லேசாக ஒட்டியிருக்கும். துணி உரசினாலே ஒரு கணு கழன்று ஒட்டிக்கொள்ளும், அதைத்தான் பாய்ந்தது என்கிறார்கள். உதிர்ந்த கணுக்கள் பாதையிலும் கிடக்கும். வலைத்துணி ஷூவைத் துளைத்துவிடும், செருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒட்டியதும் எல்லாரும் செய்வது கையால் பிடுங்குவது. உடனே அது கைக்கு மாறிவிடும். முள்ளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத, பின்னோக்கிச் சாய்ந்த செதில்கள் இருக்கின்றன. அதனால் உள்ளே போவது எளிது, இழுத்தால் தோலும் சேர்ந்து எழும்பும். பெரிய பல் சீப்பை தோலுக்கும் கணுவுக்கும் நடுவே செருகி, ஆளில்லாத பக்கமாக ஒரே வீச்சில் தட்டிவிடுங்கள். தயங்கித் தயங்கி நெம்பினால் கணு உருண்டு புது இடத்தில் குத்தும். மிஞ்சிய முட்களை ட்வீசரால் ஒவ்வொன்றாக, உள்ளே போன கோட்டிலேயே நேராக வெளியே இழுங்கள். கோணலாக இழுத்தால் நுனி உள்ளே முறியும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூட்டருகே முறிந்திருந்தாலோ, கண்ணருகே குத்தியிருந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் கேளுங்கள்.

முள்ளே இல்லாதது போல் தெரியும் பீவர்டெய்ல் என்ற கள்ளியிடம் இன்னும் கவனம் தேவை. நம் ஊர்ச் சப்பாத்திக் கள்ளிக்கு உறவு. புள்ளி புள்ளியாக இருப்பவை அத்தனையும் பூனைமுடி போன்ற நுண்முட்கள். பிளாஸ்திரி டேப்பை அழுத்தி ஒட்டி உரித்தால் பாதி வரும், மீதிக்கு ட்வீசரும் பொறுமையும்தான்.

ஜோஷுவா மரமும் கள்ளி வகையா?
– மாணவி, மதுரை

இல்லை. அது யூக்கா இனம், கற்றாழை போன்ற ஆனைக்கற்றாழைக்குச் சொந்தம். ஆண்டு வளையம் கிடையாது, எனவே வெட்டிப் பார்த்து வயது சொல்ல முடியாது. உயரமான, குளிர்ந்த மொஹாவி பாலைப் பகுதியில்தான் இது வளரும். சோய்யா தோட்டம் தாழ்வான கொலராடோ பாலையின் பக்கம். கீழே இறங்கும்போது ஜோஷுவா மரங்கள் நின்றுபோவதைக் காரிலிருந்தே பார்க்கலாம்.

யாரோ அடுக்கி வைத்ததுபோல் பாறைகள் நிற்பது எப்படி?
– வாசகர், நாகர்கோவில்

ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பாறைக்குழம்பு ஆறி இறுகியது. மேலிருந்த சுமை அரித்துப் போகப்போக அதில் நெடுக்கும் குறுக்குமாக வெடிப்புகள் விட்டன. மண்ணுக்குள் இருந்தபோதே வெடிப்பில் கசிந்த நீர் பாறையின் ஒரு பகுதியைக் களிமண்ணாக்கியது. மூலை மூன்று பக்கமும் நனைவதால் முதலில் கரைந்து, சதுரக்கல் உருண்டைக்கல்லானது. பின்னால் காலநிலை வறண்டு, வெள்ளம் மேல்மண்ணை வாரிக்கொண்டு போனதும் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்துவிட்டன. செஞ்சிக்கோட்டை மலைகளில் பார்க்கும் பாறைக் குவியலும் பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

ஏறி விளையாடுபவர்களுக்கு: இந்தப் பாறை சொரசொரப்பு, ஷூ நன்றாகப் பிடிக்கும். அதனாலேயே ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். இறங்க வழி தெரிந்த இடத்தில் மட்டும் ஏறுங்கள். சரிவில் உதிர்ந்த சரளை இருந்தால் அந்தப் பிடிப்பும் போய்விடும்.

தண்ணீர், சாப்பாடு, வழி தவறுதல் பற்றிச் சொல்லுங்கள்.
– வாசகர், ஈரோடு

உள்ளே கடையோ ஹோட்டலோ கிடையாது. நாம் சொன்ன நடைப்பாதைகள் எதிலும் குடிநீரும் கிடையாது. ஆளுக்கு 4 லிட்டர் காரில் இருக்கட்டும், நடக்கும்போது ஒரு லிட்டராவது தோளில். கோடையில் 38 டிகிரியைத் தாண்டும், அப்போது இதன் இருமடங்கு எடுத்தாலும் காலை 9 மணிக்குள் நடையை முடித்துவிடுவதே நல்லது. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு ஈடாகாமல் தலைசுற்றும். புளியோதரையோ உப்புக் கடலையோ கூடவே போகட்டும். ஆரஞ்சுத் தோலைக்கூட எறியக்கூடாது, பையில் திரும்பி வரவேண்டும். கழிப்பறைகள் குழி வகை, கைகழுவவும் தண்ணீர் இருக்காது.

வழி தவறுவது பெரும்பாலும் மணல் ஓடைகளால். காய்ந்த ஓடை, பாதையைவிடப் பாதை மாதிரி இருக்கும். பாதை பிரியும் இடங்களில் திரும்பி நின்று, வரும்போது எப்படித் தெரியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் எடுக்காது, வரைபடத்தை முந்தின நாளே தரவிறக்கிவிடுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.