‘பொய் கேஸ்’ என்று நோட்டீஸ் வந்தால் இழப்பீடு போச்சா?

மணலி, ஃபிட்டர்: தோழர், கான்ட்ராக்ட் வேலை, ஈ.எஸ்.ஐ. கிடையாது. பைப் சரிஞ்சு ரெண்டு விரல் போச்சு. ஸ்டான்லியில சேர்க்கும்போது, “வீட்ல அடிபட்டதுன்னு சொல்லு, செலவை நாங்க பாத்துக்கறோம்”னார் சூப்பர்வைசர். அப்படியே சொல்லிட்டேன். இப்ப இழப்பீடு கேட்டா மோசடின்னு வக்கீல் நோட்டீஸ்.

பதில்: மணலி, எண்ணூர் பக்கம் இது புதுசே இல்லை. சொல்லச் சொன்னவர்களே ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) ஏறிய ‘வீட்டில்’ என்ற வார்த்தையைக் காட்டிப் பொய் கேஸ் என்பார்கள். பதறாதீர்கள், நோட்டீஸ் தீர்ப்பாகாது. மோசடி என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கணும். அன்றைய கேட் என்ட்ரி, கூட வேலை பார்த்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரர், சூப்பர்வைசர் ஜிபேயில் பணம் போட்டிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட், எல்லாம் உங்களுக்குச் சாட்சி. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதை இழப்பீட்டு மனுவிலேயே எழுதிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அவர்கள் தோண்டி எடுத்தால்தான் வம்பு. கான்ட்ராக்டரோடு கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். விபத்து நடந்து 2 வருஷத்துக்குள் மனு போய்விடணும்.

திருவொற்றியூர், இல்லத்தரசி: கால் முறிஞ்சு வீட்டுக்காரர் ஈ.எஸ்.ஐ. லீவுல இருக்கார். தம்பியோட டீக்கடை கல்லாவுல அவர் உட்கார்ந்ததை யாரோ போட்டோ எடுத்துட்டாங்க. ஈ.எஸ்.ஐ. பணம் நின்னுடுமா?

பதில்: சும்மா உட்கார்ந்தாரா, சம்பளத்துக்கா? சம்பளம் வாங்கியிருந்தால் அந்த நாட்களுக்கு உதவித்தொகை கிடையாது, வாங்கியதைத் திருப்பிக் கட்டணும். பொய் சொல்லி வாங்கினார் என்று கோர்ட்டில் தண்டனை ஆனால் பிறகு வரும் பணமும் ஒரு காலத்துக்கு நிற்கும். சம்பளம் இல்லை என்றால் தம்பியிடம் எழுதி வாங்கிக் கொடுங்கம்மா. அதோடு, அவரைக் கடைப்பக்கம் அனுப்பாதீர்கள்!

ராயபுரம், லேத் பட்டறை ஓனர்: பழைய முதுகுவலியை இங்க வந்ததுன்னு சொல்றான் ஒரு பையன். பணத்தை நிறுத்தலாமா சார்?

பதில்: சந்தேகப்பட்டு நிறுத்தக் கூடாது. தகவல் கிடைத்த 3 நாளுக்குள் உங்கள் செலவில் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். காரணமில்லாமல் மறுத்தால், காட்டும்வரை அவர் உரிமை நிறுத்தி வைக்கப்படும். கொஞ்சமாவது பொறுப்பு உண்டு என்று பட்டால் அந்த அளவைக் கட்டிவிட்டு மீதிக்கு வாதாடுங்கள். ஒரு மாதம் தாண்டினால் 12% வட்டி, சரியான காரணம் இல்லாவிட்டால் 50% வரை அபராதம்.

காசிமேடு, லோடுமேன்: வேலையில விழுந்து அடிபட்டுச்சு. தண்ணி வாடை அடிச்சதுன்னு கேஸை ஒடைப்பாங்களா?

பதில்: வாடை போதாது. விழுந்ததற்குப் போதைதான் காரணம் என்று அவர்கள் காட்டணும். சாவிலும் முழு நிரந்தர ஊனத்திலும் அந்த வாதமே எடுபடாது.