தானியேல் எதை மறுத்தான், எதை மறுக்கவில்லை? - வாலிபர் கேள்வி பதில்

புராஜெக்ட் முடிந்தாலும் பார்ட்டி, யாருக்காவது பதவி உயர்வு வந்தாலும் பார்ட்டி. குடிக்கச் சொன்னால் "மாத்திரை சாப்பிடுறேன்", "வண்டி ஓட்டணும்" என்று ஆறு மாதமாகச் சமாளித்துவிட்டேன். இனிச் சொல்ல சாக்கு இல்லை. பேசாமல் போகாமலே இருந்துவிடலாமா?
(ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

உங்களை மாட்டிவிட்டது அந்தச் சாக்குகள்தான். மாத்திரை என்றால், அது தீர்ந்த பிறகு கேட்பார்கள். வண்டி என்றால், "நான் கொண்டுவந்து விடுறேன்" என்பார்கள். சாக்கு சொல்லும்போது 'இன்றைக்கு முடியாது' என்றுதான் அவர்கள் காதில் விழுகிறது. 'குடிப்பதில்லை' என்று நீங்கள் இதுவரை சொல்லவே இல்லை.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூத வாலிபன் தானியேல். அவன் புத்தகத்தின் முதலாம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். 8-ஆம் வசனத்தில், ராஜாவின் போஜனத்தாலும் திராட்சரசத்தாலும் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று அவன் "தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு" அதற்குப் பிறகுதான் அதிகாரியிடம் பேசுகிறான். பந்தியில் உட்கார்ந்த பிறகு யோசித்தவன் அல்ல. கேட்ட விதமும் கவனிக்கத்தக்கது. பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டான். அவர் ராஜாவுக்குப் பயந்து தயங்கியபோது சண்டைக்கு நிற்கவில்லை. தங்களைக் கவனித்த விசாரிப்புக்காரனிடம் போய், பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப்பாரும் என்றான். மறுப்போடு மாற்று வழியையும் கையில் கொண்டுபோனான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பார்ட்டிக்கு முந்தின நாளே, டீமில் உங்களோடு நன்றாகப் பழகும் ஒருவரிடம் டீ குடிக்கும்போது சொல்லிவிடுங்கள்: "நான் குடிக்கிறதில்லை. ஆனா சாப்பிட வருவேன்." அவ்வளவு போதும். காரணம் கேட்டால், "என் விசுவாசம் அப்படி" என்று ஒரு வரி. மேஜையில் வேறு யாராவது வற்புறுத்தினால், நீங்கள் பேசுவதற்கு முன் அந்த நண்பரே பேசுவார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக எலுமிச்சை சோடாவோ ஜூஸோ வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கை காலியாக இருப்பவரைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். திரும்பிவர உங்கள் சொந்த ஏற்பாடு இருக்கட்டும். பெரும்பாலும் வற்புறுத்தல் சாப்பாட்டு நேரத்தில் வருவதில்லை. இரண்டாவது சுற்றுக்குப் பிறகு, பாதிப் பேர் கிளம்பிய பின் வரும். ஆகவே 9.30 என்றால் 9.30-க்கு எழுந்துவிடுங்கள்.

அங்கே பிரசங்கம் மட்டும் வேண்டாம். குடிப்பவர் எதிரில் உட்கார்ந்து முகம் சுளிப்பதும் பிரசங்கம்தான். போகாமலே இருந்துவிடுவது எளிது. ஆனால் உங்களைத் தெரியாத டீமுக்கு உங்கள் விசுவாசமும் தெரியாது. ஒரு விலக்கு உண்டு: முன்பு குடித்துப் பழகி நிறுத்தியவர் என்றால், முதல் ஓராண்டு இந்தப் பார்ட்டிகளுக்குப் போகாமல் இருப்பதே நல்லது. போத்திபாரின் வீட்டில் எஜமானின் மனைவி வஸ்திரத்தைப் பிடித்து இழுத்தபோது யோசேப்பு நின்று வாதாடவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். எல்லா இடமும் நின்று பேசும் இடம் அல்ல.

அலுவலகத்தில் ஆயுதபூஜை. பிரசாதம் என்று பொரியும் சர்க்கரைப் பொங்கலும் தருகிறார்கள். வாங்கினால் விசுவாசத் துரோகமா? மறுத்தால் நட்பு போய்விடுமே?
(ஆசிரியை, திருச்சி)

தானியேல் எதை மறுக்கவில்லை என்பதையும் பாருங்கள். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தான். பெல்தெஷாத்சார் என்ற பெயரையும் சுமந்தான். அது பாபிலோனியத் தெய்வப் பெயரோடு ஒட்டியது. கோடு எங்கே கிழிக்க வேண்டும் என்று அவன் பார்த்துக் கிழித்தான்.

உணவைப் பற்றி பவுல் 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களில் நேராகவே எழுதுகிறார். விருந்துக்கு அழைத்தால் விசாரிக்காமல் சாப்பிடலாம். விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால், அவருக்காகவும் மனச்சாட்சிக்காகவும் வேண்டாம். பிரசாதம் என்றே சொல்லித் தருவதால் இது இரண்டாவது வகை. பலகாரத்தில் தோஷம் இல்லை, வாங்குவதற்கு அவர் என்ன பொருள் கொள்கிறார் என்பதே கேள்வி.

நடைமுறையில், மேஜை துடைப்பது, அறையை ஒழுங்குபடுத்துவது, நாற்காலி போடுவது எல்லாவற்றிலும் முன்னால் நில்லுங்கள். பூஜைக்கு முந்தின நாள், பொறுப்பெடுத்துச் செய்பவரிடம் தனியாகச் சொல்லுங்கள். நீட்டிய கைக்கு முன்னால் நாலு பேர் பார்க்க மறுக்கும்போதுதான் அது அவமானமாகிறது. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கேக் கொண்டுபோகும்போது ஒருவர் வேண்டாம் என்றால் அதே கண்ணியத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜனவரி 1-ஆம் தேதி வேதம் முழுவதும் வாசிக்கத் தீர்மானித்தேன். பிப்ரவரியைத் தாண்டவில்லை. மூன்று வருடமாக இதே கதை. ஹாஸ்டலில் தனிமையும் இல்லை.
(கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

எங்கே நின்றுபோனது என்று பாருங்கள். தினம் 3 அதிகாரம் வாசித்தால் ஜனவரி 25-ஆம் தேதி யாத்திராகமம் 25-ஆம் அதிகாரம் வரும். ஆசரிப்புக் கூடாரத்தின் முழம், கொளுவி, காதுகள், மூடுதிரை எல்லாம் அங்கே தொடங்குகின்றன. அதைக் கடந்தால் லேவியராகமம் 27 அதிகாரம். வழிகாட்டி இல்லாமல் அந்த இடத்தைத் தாண்டுகிறவர்கள் குறைவு. இதில் பக்திக் குறைவு எதுவும் இல்லை, தொடங்கிய இடம்தான் தவறு.

புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 1 அதிகாரம் என்றால் 52 வாரத்தில் சரியாக முடிந்துவிடும். சனியும் ஞாயிறும் விடுபட்டதை வாசிக்க. மாற்குவில் தொடங்குங்கள், 16 அதிகாரம். பிறகு அப்போஸ்தலர், பிலிப்பியர், யாக்கோபு, யோவான் என்று போங்கள். மத்தேயுவின் வம்ச வரலாறும் வெளிப்படுத்தலும் பின்னால் வரட்டும்.

நேரம் 15 நிமிடம் போதும். அதிகாரத்தை ஒருமுறை வாய்விட்டு அல்லது முணுமுணுத்து வாசிக்க 6, 7 நிமிடம். மனதில் தைத்த ஒரு வசனத்தை நோட்டில் கையால் எழுத 3 நிமிடம். மீதி ஜெபம். அந்த ஜெபத்தில் அன்றைய வகுப்பு, வைவா, சண்டை போட்ட ரூம்மேட் எல்லாம் பெயர் சொல்லி வரட்டும்.

அச்சிட்ட வேதத்தையே வைத்துக்கொள்ளுங்கள். போனில் வாசித்தால் நாலாம் வசனத்தில் ஒரு வாட்ஸப் வந்து நிற்கும். ஹாஸ்டலில் அறையில்தான் இடம் இல்லை. காலை 6.30-க்கு மொட்டை மாடி, மெஸ் திறக்குமுன் அதன் திண்ணை, காலியான வகுப்பறை என்று ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாள் பாகத்தை வாசிக்காதீர்கள், அன்றைய பாகத்தை மட்டும் வாசியுங்கள். நின்றுபோவது பெரும்பாலும் அந்தப் பாக்கிக் கணக்கு ஏறுவதால்தான்.

இன்னொன்று: உங்கள் கல்லூரியில் மாணவர் ஜெபக்குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1954 முதல் இயங்கும் இந்திய சுவிசேஷ மாணவர் ஐக்கியத்தின் குழுக்கள் பல கல்லூரிகளில் உண்டு, 'ஈ.யூ.' என்றால் மாணவர்களுக்குத் தெரியும். இல்லையென்றால் இரண்டு பேர் போதும்.

இரவில் போனில் ஆபாசப் படம் பார்க்கும் பழக்கத்தை விட முடியவில்லை. ஒவ்வொரு முகாமிலும் அழுது ஒப்புக்கொடுக்கிறேன். பத்து நாளில் மறுபடியும் விழுகிறேன். திருவிருந்து எடுக்கவே கூசுகிறது.
(பெயர் வேண்டாம்)

அழுதது பொய் அல்ல. ஆனால் வீட்டுக்குத் திரும்பியதும் அதே போன், அதே அறை, அதே 11 மணி. அவற்றில் எதையும் மாற்றாமல் உள்ளத்தை மட்டும் மாற்றக் கேட்டால், பத்தாம் நாள் களைப்பில் பழைய தடம்தான் கிடைக்கும்.

முதலில் போன். இரவு 10 மணிக்கு அது கூடத்தில் சார்ஜில் இருக்க வேண்டும், உங்கள் அறையில் அல்ல. அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கிவிடுங்கள். "அலாரத்துக்காகத்தான்" என்ற வாசலில்தான் போன் திரும்ப உள்ளே வரும். ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' பகுதியில் ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வசதி உண்டு. 4 இலக்கக் கடவு எண்ணை வேறொருவர் போட வேண்டும். நீங்களே போட்டால் அது பூட்டு அல்ல. ஆண்ட்ராய்டு 9-க்குப் பிந்தைய போன்களில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் 'பிரைவேட் டி.என்.எஸ்.' இருக்கும். ஆபாசத் தளங்களை வடிகட்டும் இலவச டி.என்.எஸ். முகவரியை அங்கே கொடுக்கலாம். இது தளங்களைத்தான் தடுக்கும். இன்ஸ்டாகிராம், டெலிகிராம் போன்ற செயலிகளுக்குள் வருவதை வடிகட்டாது. உங்களை இழுப்பது எந்தச் செயலியோ அதை நீக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது ஆள். யாக்கோபு 5:16, குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. இதே பழக்கத்தில் இருக்கும் சம வயது நண்பனிடம் மட்டும் சொன்னால் இருவரும் ஆறுதல் சொல்லிக்கொள்வீர்கள், அதற்கு மேல் நடக்காது. உங்களைவிடப் பத்து வயதாவது மூத்த, வாயை அடக்கத் தெரிந்த ஒரு அண்ணன். வாரம் ஒரு நாள், குறித்த நேரம், பத்து நிமிடம். அவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான்: இந்த வாரம் விழுந்தாயா, எப்போது, அதற்கு முந்தின ஒரு மணி நேரம் என்ன நடந்தது? மூன்றாவதுதான் முக்கியம். தேர்வு பயம், வீட்டுச் சண்டை, வேலை கிடைக்காத ஏமாற்றம் என்று ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். மருந்து அங்கே போட வேண்டும்.

திருவிருந்து மேஜையைவிட்டு ஓடுவதால் பழக்கம் குறைவதில்லை, ஒளிவுதான் கூடுகிறது. ஆயரிடம் ஒருமுறை தனியே பேசிவிட்டு வாருங்கள். 40 நாளில் ஒருமுறை விழுந்தவன் முதல் நாளுக்குத் திரும்பிவிட்டதாக நினைக்க வேண்டாம், 39 நாளும் நடந்தவைதான். படிப்பும் தூக்கமும் கெடும் அளவுக்குப் போயிருந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல.

திடப்படுத்தல் (விசுவாசத்தைச் சபைமுன் தானே அறிக்கையிடும் சடங்கு) எடுத்த மகன், இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லம்மா" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை எழுப்பினால் சண்டை. அவன் அப்பா, "சபைக்கு வராதவனுக்கு இந்த வீட்டில் சோறு இல்லை" என்கிறார்.
(தாய், நாகர்கோவில்)

சோற்றை முதலில் போடுங்கள். அப்பாவிடம் இதைக் காட்டுங்கள்.

"நம்பிக்கையில்லை" என்ற ஒரே வாக்கியத்தைப் பிள்ளைகள் பல காரணங்களுக்குச் சொல்கிறார்கள். பரிணாமம், வேதத்திலுள்ள முரண்பாடு என்று அறிவுக் கேள்வி சிலருக்கு. வெளியில் சொல்ல முடியாத ஒரு பாவமோ காதலோ இருப்பதால் சபையைத் தவிர்ப்பவர்கள் சிலர். பாட்டி இறந்தபோது பண்ணின ஜெபம் கேட்கப்படவில்லை என்ற காயம் சிலருக்கு. சபையையே பார்த்து வெறுத்தவர்களும் உண்டு. கமிட்டித் தேர்தலில் பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டதையும், கல்யாணப் பேச்சு வந்ததும் முதல் கேள்வியாகச் சாதி கேட்பதையும் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். இந்தக் கடைசிக் காரணத்துக்கு அவனைத் திருத்துவதைவிட நம்மைத் திருத்துவதே பதில்.

எது என்று தெரியாமல் வசனம் எடுத்து வீசாதீர்கள். சாப்பாட்டு மேஜையில், மற்றவர் முன்னால் கேட்காதீர்கள். பைக்கில் போகும்போதோ பாத்திரம் கழுவும்போதோ, முகம் பாராமல் பேசும் நேரமாகப் பார்த்து, "எப்பயிலிருந்துப்பா இப்படித் தோணுச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு வாய் மூடியிருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். பதில் தெரியாத கேள்வி வந்தால் "எனக்குத் தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, ஒரு வாரத்துக்குள் உண்மையாகவே கேட்டுச் சொல்லுங்கள். "இப்படியெல்லாம் கேட்கவே கூடாது" என்று ஒருமுறை சொன்னால், அவன் அடுத்த கேள்வியை யூடியூபிடம் கேட்பான்.

இயேசுவின் காயங்களைக் காணாமல் விசுவாசிக்கமாட்டேன் என்று சீஷன் தோமா சொன்னது அவர் உயிர்த்தெழுந்த நாளை ஒட்டி. ஆண்டவர் அவனுக்குக் காட்சி தந்தது எட்டு நாள் கழித்து. யோவான் 20:26-ஐப் பாருங்கள்: சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்." அந்த எட்டு நாளும் நம்பாதவனை வெளியே தள்ளாமல் கூடவே வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எழுப்புவதை இரண்டு மாதம் நிறுத்திப் பாருங்கள். குடும்ப ஜெபத்தை நிறுத்தாதீர்கள், ஆனால் அதைப் பத்து நிமிடத்தில் முடியுங்கள். அவன் கேட்க வேண்டியதையெல்லாம் ஜெபத்துக்குள் சொல்லிக்காட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். "ஆண்டவரே, மொபைலிலேயே கிடக்கிற என் மகனை..." என்பது யாரிடம் பேசுவது என்று அவனுக்குத் தெரியும்.

ஷிப்ட் வேலை. ஞாயிறு ஆராதனை மாதத்தில் ஒன்றுதான் கிடைக்கிறது. ஆன்லைன் ஆராதனை போதுமா?
(நர்ஸ், பெங்களூரு)

நோயாளிகளை விட்டுவிட்டு வர முடியாது. அந்த வேலையைக் குற்ற உணர்வோடு செய்யாதீர்கள். ஆனால் இரவு டியூட்டி முடித்துப் படுக்கையில் பார்க்கும் ஆராதனை 20 நிமிடத்தில் தூக்கமாகிவிடும், நீங்கள் வரவில்லை என்று அங்கே யாருக்கும் தெரியவும் தெரியாது. பேருந்தில் அரை மணிக்குள் போகக்கூடிய மூன்று சபைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை என்று போய்ப் பாருங்கள். மாலை ஆராதனையும், வார நாளில் வீட்டுக் கூடுகையும் இருக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஊர் ஆயரிடமிருந்து அறிமுகக் கடிதம் கொண்டுபோனால் ஒதுங்கி உட்கார வேண்டியிருக்காது. மாத டியூட்டி அட்டவணை வந்ததும் அதைக் கூடுகை நடத்தும் அக்காவுக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் ஓய்வாக இருக்கும் நாளில் அவரே கூப்பிடுவார்.