கணக்காளர் தேர்வு முடித்த கையோடு வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா?

"இறுதித் தேர்வு இப்போதுதான் பாஸ் செய்தேன். உடனே வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா, இல்லை இரண்டு மூன்று வருடம் இங்கேயே அனுபவம் சேர்த்துவிட்டுப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆடிட்டில் இருந்தால் கிளம்பிவிடுங்கள். வரி வேலையில் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆடிட் செய்பவர் கற்றது பெரும்பாலும் கூடவே வரும். 140க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் ஐ.எஃப்.ஆர்.எஸ். (நிறுவனக் கணக்கு அறிக்கைக்கான சர்வதேசத் தரநிலைகள்) கட்டாயம். வரி அப்படி இல்லை. தனிநபர் வரி ஆண்டு தொடங்கும் நாளே பிரிட்டனில் ஏப்ரல் 6, ஆஸ்திரேலியாவில் ஜூலை 1, அமெரிக்காவில் ஜனவரி 1. சட்டம், தீர்ப்பு, படிவம் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். சம்பளமும் பதவியும் அதற்கேற்பக் குறையும்.

நான் தேர்ச்சி பெற்ற ஐந்தாம் மாதம் விமானம் ஏறினேன். போன முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். சரக்கிருப்பு ஃபைலை என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு பொருளின் அடக்கவிலை 100. விற்றால் 70தான் கிடைக்கும் என்று முந்தைய வருடம் 70ஆகக் குறைத்து எழுதியிருந்தார்கள். இந்த வருடம் அதே பொருள் 95க்குப் போகிறது. ஐ.ஏ.எஸ். 2 (கலெக்டர் ஆகிற ஐ.ஏ.எஸ். இல்லை, ஐ.எஃப்.ஆர்.எஸ்.ஸில் சரக்கிருப்புக்கான கணக்குத் தரநிலை) சொல்கிறபடி அந்த 25ஐத் திரும்ப ஏற்ற வேண்டும். தேர்வில் எத்தனை முறை எழுதிய கணக்கு! திருத்தப் பதிவு போட்டு, சிவப்பில் மூன்று வரிக் குறிப்பும் எழுதி, பெருமையாக அனுப்பினேன்.

மேனேஜர் என் மேசைக்கே வந்தார். ஃபைலின் முதல் பக்கத்துக்குப் போய் ஒரு வரியைக் காட்டினார். தாய் நிறுவனம் அமெரிக்காவில். அதற்கு அனுப்பும் கணக்கு யுஎஸ் கேப், அதாவது அமெரிக்கக் கணக்கு விதிகளின் முறையில். அந்த முறையில் வருட முடிவில் 70 என்று குறைத்துவிட்டால் அதுதான் புது அடக்கவிலை. பிறகு விலை ஏறினாலும் பழைய மதிப்புக்குத் திரும்பக் கூடாது. "நீங்கள் படித்தது சரிதான், ஆனால் இந்த ஃபைலுக்கு இல்லை" என்றார். நல்லவேளை, வாடிக்கையாளர் கண்ணில் படவில்லை.

அதனால் நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது, "உங்கள் வாடிக்கையாளர்கள் எந்தக் கணக்கு முறையில் அறிக்கை கொடுக்கிறார்கள்?" என்பதைத்தான். பதில் யுஎஸ் கேப் என்றால் போவதற்கு முன்பே வித்தியாசங்களைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது, போய்ச் சேரும் மாதம். டிசம்பரில் கணக்கு முடிக்கும் நிறுவனங்கள் அதிகமுள்ள ஊருக்கு ஜனவரியில் போய் இறங்காதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். அப்போது யாருக்கும் சொல்லித்தர நேரம் இருக்காது, திட்ட மட்டும் இருக்கும். செப்டம்பர், அக்டோபர் நல்லது. ஜூனில் கணக்கு முடிக்கும் ஆஸ்திரேலியா மாதிரி இடங்களில் இது தலைகீழ்.

தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட உள்ளூர் உரிமம் வேண்டுமே என்று சிலர் பயமுறுத்துவார்கள். புதிதாகப் போகிறவரை யாரும் பல வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லப் போவதில்லை, விடுங்கள். ஒப்பந்தத்தில் மட்டும் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: இத்தனை மாதத்துக்குள் விலகினால் விசாச் செலவையும் விமானச் செலவையும் திருப்பித் தர வேண்டுமா? விசா அந்த ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டதா என்பதையும் கேளுங்கள்.

அப்புறம், தேர்வில் பாஸ் ஆவது வேறு, உறுப்பினர் ஆவது வேறு. உதாரணமாக, ஏ.சி.சி.ஏ. என்ற பிரிட்டன் கணக்காளர் அமைப்பில் 36 மாத வேலை அனுபவமும் வேண்டும், அதை மேற்பார்வையாளர் உறுதி செய்ய வேண்டும். "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் விட்டுவிட்டேன். அதற்குள் என் பழைய சீனியர் வேலை மாறிவிட்டார். 11 மின்னஞ்சல், ஏழு வாரம். அதுவரை என் புது அலுவலகத்தில் நான் 'கிட்டத்தட்ட' கணக்காளர். உங்கள் சீனியர் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போதே அந்தப் படிவத்தை நீட்டிவிடுங்கள்.