வைரஸ் எந்த வாசலில் நுழைகிறது? கேள்வி பதில்

வைரஸ் உள்ளே வரத்தான் செல் ஏற்பிகளை வைத்திருக்கிறதா?
இல்லை. ஏற்பி என்பது செல்லில் வைரஸ் பற்றிக்கொள்ளும் பகுதி. ஒவ்வொரு ஏற்பிக்கும் செல்லில் சொந்த வேலை உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸ் பற்றிக்கொள்ளும் என்டிசிபி, பித்த உப்புகளைக் கல்லீரல் செல்லுக்குள் இழுக்கும் புரதம். கொரோனா பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2, ரத்த அழுத்தத்தைச் சீராக்க உதவும் நொதி. இதை மனதில் வையுங்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

பறவைக் காய்ச்சல் மனிதரிடம் ஏன் எளிதில் பரவுவதில்லை?
நல்ல கேள்வி. இன்ஃப்ளுயன்சா பிடிப்பது, செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியிலுள்ள சியாலிக் அமிலத்தை. அந்த நுனி அடுத்த சர்க்கரையோடு இணைவதில் இரண்டு விதம் உண்டு. பறவை வைரஸ்களுக்கு ஆல்ஃபா 2,3 இணைப்பு பிடிக்கும். நம் மூக்கு, தொண்டையில் அதிகம் இருப்பது ஆல்ஃபா 2,6. முதல் வகை நமக்கு நுரையீரலின் ஆழத்தில்தான் கூடுதல். அதனால் ஆழத்தில் இறங்கிவிட்டால் நோய் கடுமையாகலாம், ஆனால் இருமலில் அடுத்தவருக்குத் தாவுவது கடினம்.

வெளியேறும்போதும் இதே சர்க்கரைதான் சிக்கல். புதிதாக முளைத்த வைரஸ்கள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டிவிட நியூராமினிடேஸ் என்ற நொதியை வைரஸ் தானே வைத்திருக்கிறது. ஓசெல்டாமிவிர் என்ற இன்ஃப்ளுயன்சா மாத்திரை தடுப்பது அந்த நொதியைத்தான்.

பிபி மாத்திரை ஏசிஇ-யைத் தடுக்குமாமே, கொரோனாவுக்குப் பயந்து நிறுத்தவா?
நிறுத்தாதீர்கள். மாத்திரை தடுக்கும் ஏசிஇ வேறு, கொரோனா பிடிக்கும் ஏசிஇ2 வேறு.

ஏசிஇ2-வையே முழுதாக அடைத்துவிட்டால்?
முதல் பதிலைப் படியுங்கள்.

சிசிஆர்5 இல்லாதவருக்கு எச்ஐவி வராதாமே, எல்லோருக்கும் நீக்கிவிடலாமே?
எச்ஐவி முதலில் நோயெதிர்ப்பு செல்லின் மேலுள்ள சிடி4 என்ற ஏற்பியைப் பிடிக்கும். அப்போது வைரஸின் புரதம் உருமாறி, அதே செல்லின் துணை ஏற்பிகளான சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4-ஐத் தொடும். பிறகே வைரஸின் சவ்வும் செல்லின் சவ்வும் இணையும். சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட பிரதி இரண்டையும் பெற்றவர்களுக்கு வலுவான பாதுகாப்பு இருப்பது 1996-இல் தெரியவந்தது. ஆனால் அவர்களுக்குக் கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால் நோய் முற்றும் அபாயம் கூடுகிறது.

வெஸ்ட் நைல் எல்லா ஊரிலும் இல்லையே. அவர்கள் நன்றாகத்தானே வாழ்கிறார்கள்?
வாழ்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு முழுமையானதல்ல. சிசிஆர்5 இல்லாத எலும்பு மஜ்ஜையைப் பெற்ற ஒரு நோயாளியிடம், சிஎக்ஸ்சிஆர்4 வழியாக வைரஸ் திரும்பி வந்திருக்கிறது. சிசிஆர்5-ஐ மருந்தால் தற்காலிகமாக மறைப்பது வேறு. மாராவிராக் என்ற எச்ஐவி மருந்து 2007 முதலே அதைச் செய்கிறது. மருந்தை நிறுத்தலாம், வெட்டிய மரபணுவை ஒட்ட முடியாது.

ஏற்பி எப்போதும் செல்லின் வெளியில்தான் இருக்குமா?
எபோலாவைப் பாருங்கள். செல் அதை ஒரு பைக்குள் விழுங்கிய பிறகு, அங்கே நொதிகள் அதன் புரதத்தைச் சீவிய பிறகுதான் என்பிசி1 என்ற ஏற்பியைப் பிடிக்கிறது.

ஏசிஇ2-வை அடைத்தால் கொரோனா வராதா?
மேலே.

எனக்கு மூன்று நாளாகச் சளி. இது எந்த ஏற்பி?
சளி தரும் ரைனோவைரஸாக இருந்தால் பெரும்பாலும் ஐசிஏஎம்-1 என்ற ஏற்பி. மீதியை மருத்துவரிடம் கேளுங்கள்.