மணல், தூண், கண்ணாடி: நம்ம மாவட்டத்தைப் பற்றிக் கேட்டவை

குமரி மாவட்டத்தில் பார்த்து வியந்தது, விளங்காதது எதுவானாலும் கேளுங்கள் என்று வாய் விட்டுவிட்டேன். வந்து குவிந்துவிட்டது. தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

மணவாளக்குறிச்சித் தம்பி: அண்ணாச்சி, எங்க ஊர் மணலின் மதிப்பை ஒரு ஜெர்மன்காரர்தான் கண்டுபிடித்தார் என்கிறார்களே, அவர் எதற்கு இங்கே வந்தார்?

அவர் தேடி வரவில்லை தம்பி, மணல்தான் அவரைத் தேடிப் போனது. அப்போது நம்ம பக்கத்துக் கயிறு கப்பலேறி ஜெர்மனிக்குப் போகும். கடற்கரை ஊர்க் கயிறாச்சே, பிரிகளுக்குள் மணலும் ஒட்டிக்கொண்டு கூடவே போயிருக்கிறது. 1909இல் ஷாம்பர்க் என்ற வேதியியலாளர் அந்த மணலை எடுத்துச் சோதித்தால் மோனசைட் என்ற கனிமம், அதற்குள் தோரியம் என்ற உலோகம்! பெட்ரோமாக்ஸில் கட்டுவோமே மேன்டில், அது பளீரென்று எரிய அன்றைக்குத் தோரியம் வேண்டும், அதனால் ஐரோப்பாவில் அதற்கு ஏகக் கிராக்கி. கொஞ்ச நாளிலேயே உங்க ஊரில் மணல் பிரிக்கும் ஆலை வந்துவிட்டது. கறுப்பாகக் கிடப்பது பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம், சிவப்பு கார்னெட் என்ற கனிமம். ஒரு பிடி காய்ந்த மணலைத் தாளில் பரப்பி, நல்ல வலுவான காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள், கறுப்பு மணிகள் எழும்பி வந்து ஒட்டும், வெள்ளை மணல் அசையாது. ஆலையில் செய்வதிலும் ஒரு பாதி இதே வேலைதான்.

நாகர்கோவில் அக்கா: சுசீந்திரம் இசைத்தூணுக்குள் குழாய் மாதிரி ஓட்டை இருக்கிறதாமே?

இல்லக்கா. ஒரே கல்லைக் குடைந்து சின்னச் சின்னத் தூண்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் முழுக்கல். தட்டினால் கல் அதிர்கிறது. நீளமும் பருமனும் மாற மாறச் சுருதியும் மாறுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒரு இழை கூடுதலாகச் செதுக்கிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாதே, அந்தச் சிற்பிக்கு எவ்வளவு காது இருந்திருக்க வேண்டும்! எனக்கு வியப்பு அதில்தான். தயவுசெய்து மோதிரக் கையால் யாரும் தட்டாதீர்கள்.

களியக்காவிளையிலிருந்து ஒருவர்: சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் பதியில் (வழிபாட்டு இடத்தில்) சாமி சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி ஏன்?

கும்பிட நிற்கிற உங்கள் முகமே அதில் தெரியும், உனக்குள்ளேதான் இறைவன் என்று சொல்லாமல் சொல்கிற ஏற்பாடு. ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும். தலைப்பாகை கட்ட எல்லாருக்கும் உரிமை இல்லாத அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், 19ஆம் நூற்றாண்டில், அய்யா வைகுண்டர் கொண்டுவந்த வழக்கம் இது. எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் கோரிய முத்திரிக்கிணறும் அங்கேதான் இருக்கிறது, பார்க்காமல் திரும்பாதீர்கள்.

கல்லூரி மாணவி: சித்ரா பௌர்ணமி அன்றைக்குச் சூரியனும் நிலவும் எதிரெதிரே தெரிவது கன்னியாகுமரியில் மட்டும் நடக்கிற அதிசயமா அண்ணா?

பௌர்ணமி என்றாலே இரண்டும் எதிரெதிர்தானே, தங்கச்சி. எந்த ஊரிலும் ஒன்று இறங்கும் நேரத்தில் மற்றது ஏறும். நமக்கு இரண்டு பக்கமும் கடல், நடுவில் மறைக்க மரமும் இல்லை மாடியும் இல்லை. மேகம் மட்டும் மனது வைக்க வேண்டும்.

தக்கலைக்காரர்: உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் டச்சுக்காரர் கல்லறையில் தமிழ் எழுத்து இருப்பது நிஜமா?

நிஜம். லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டி லனாய், பிறகு தன்னைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கே படை பழக்கி, தளபதியாகி, 1777இல் இறந்தார். எதிரியாக வந்தவருக்கு நம்ம மொழியில் கல்வெட்டு, கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குனிந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க அரைமணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

சென்னையில் இருக்கும் குமரிக்காரர்: மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் இங்கே கண்ணில் படவே இல்லையே?

2023இல் கிடைத்தது, சரிதான். ஆனால் குறியீடு பழத்தைப் பஸ் ஏற்றி விடாதே! தோல் மெலிசு, பழுத்தால் அதிக நாள் நிற்காது. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது காயாக ஒரு குலை வாங்கிக்கொண்டு போங்கள், வீட்டுக் குழந்தைக்கு முதலில் கொடுங்கள்.