நிறைந்த வீட்டில் தொலைந்த பிள்ளை

மதிப்பிற்குரிய ஐயா,

பிள்ளையார் நோன்புக்கு மக்களும் பேரப்பிள்ளைகளும் தேவகோட்டை வீட்டுக்கு வந்திருந்தார்கள். நோன்பில் இழை எடுக்கும் சடங்கு முடிந்த மறுநாள், கிறிஸ்துமஸ் விடுமுறைதானே என்று எல்லோரும் உட்கார்ந்து ‘ஹோம் அலோன்’ என்ற ஆங்கிலப் படம் பார்த்தோம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மனம் ஒட்டவில்லை. பெற்ற தாய் பிள்ளையை வீட்டில் மறந்துவிட்டு விமானம் ஏறுவாளா? அப்புறம் ஒரே அடிதடி. நீங்கள் இந்தப் படத்தை உயர்வாகப் பேசியதாக என் மகன் சொன்னான். அப்படி என்ன இருக்கிறது இதில்?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

தாய் மறப்பாளா என்ற கேள்வியை, திரைக்கதை எழுதிய ஜான் ஹியூஸ் நமக்கு முன்பே கேட்டுக்கொண்டுவிட்டார். படத்தின் முதல் பகுதி முழுவதும் அதற்கான பதில்தான். முந்தின இரவுச் சண்டையில் பால் கொட்டுகிறது. அதைத் துடைத்த காகிதங்களோடு சிறுவன் கெவினின் டிக்கெட்டும் குப்பைக்குப் போகிறது. அவனை மேல்மாடிக்குத் தூங்க அனுப்புகிறார்கள். காற்றில் மின்சாரம் போய் அலாரம் அடிக்கவில்லை. காலையில் அவசர அவசரமாகத் தலை எண்ணும்போது, வண்டியில் மூட்டையைக் கிளறிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். கணக்குச் சரியாக வருகிறது! விமானத்தில் பெரியவர்கள் முதல் வகுப்பிலும் பிள்ளைகள் பின்னாலும் உட்கார்கிறார்கள். இதில் ஒன்று குறைந்திருந்தாலும் தாய்க்கு முன்பே தெரிந்திருக்கும்.

நம் பக்கத்தில் இதை நம்புவது கடினமா ஆச்சி? அறுபதாம் வயதுச் சாந்திக் கல்யாணம் நடக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். முகப்பில் ஒரு கூட்டம், உள்முற்றத்து வளவில் ஒரு கூட்டம், இரண்டாம் கட்டில் பந்தி. பிள்ளை ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், இருக்கிறான் என்று ஆத்தா நினைப்பார். ஆத்தாவிடம் இருக்கிறான் என்று ஆயா நினைப்பார். அவன் மாடியில் ஜமக்காளத்தின் மேல் தூங்கிக்கொண்டிருப்பான். ஆள் நிறைந்த வீட்டில்தான் பிள்ளை தொலைகிறான். 1990இல் வந்த இந்தப் படம் இன்றும் ஓடுவதற்கு இதையே முதல் காரணமாக நினைக்கிறேன். இரண்டாம் பாகத்தில் சிறுவனை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். வீட்டை விட்டதும் பாதி உயிர் போய்விட்டது.

நான் உயர்வாகச் சொன்னது முக்கியமாகத் தேவாலயக் காட்சியைத்தான். கொலைகாரர் என்று பிள்ளைகள் கதை கட்டிவிட்ட பக்கத்து வீட்டு முதியவர், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை கெவின் அருகில் வந்து உட்கார்கிறார். பாடல் பயிற்சியில் நிற்கும் பேத்தியைப் பார்க்க வந்திருக்கிறார். மகனோடு பேச்சு இல்லை. அதனால் இப்படித்தான் பார்க்க முடியும். போனில் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள் என்கிறான் 8 வயதுப் பையன். மகன் பேசாவிட்டால் என்று கேட்கிறார் பெரியவர். அந்த முகத்தில் தெரியும் பயத்தை இன்னொரு முறை பாருங்கள். ஆண்டுக்கணக்கில் பேச்சில்லாத பங்காளிகள் முன்னோருக்குப் படையலிடும் படைப்பு வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ‘சோறு வைக்கட்டுமா’ என்பதில் தொடங்கிப் பேசுவதை நாம் கண்டிருக்கிறோம். யாராவது ஒருவர் முதலில் வாய் திறக்க வேண்டும். சிரிப்புப் படம் ஒன்று அந்த இடத்துக்கு நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. எனக்கு அது பெரிய காரியம்.

அடிதடியைப் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி முகத்தில் விழுவதும், தலையில் நெருப்புப் பற்றுவதும் அளவுக்கு மீறியவை. ஆனால் கெவின் தனியாக இருக்கும் வீட்டில் திருட வருகிறவர்கள் விழும் ஒவ்வொரு பொறியும் வீட்டுச் சாமான்தான்: பெயின்ட் டப்பா, கதவுக் குமிழ், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டை. தன் வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே இது முடியும். அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த வின்னட்காவில் உள்ள நிஜ வீடு போதாது என்று, மூடிக்கிடந்த பள்ளி ஒன்றில் வீட்டின் உட்புறத்தை செட்டாகவும் போட்டிருக்கிறார்கள். அத்தனை கவனம்.

சின்னப் பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது பெரியவர் யாராவது கூட இருங்கள். இஸ்திரிப் பெட்டியும் சூடான குமிழும் உண்மையில் என்ன செய்யும் என்பதை அப்போதே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.