பலகைக்கு இழுவை கிடையாது

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், லாஸ்ட் என்னும் கால் வடிவ அச்சின் மேல் தோலை இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் பிளைவுட் நாற்காலி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டில் பிளைவுட் என்றால் மழையில் ஊதிப்போகும் மட்டச் சரக்கு. அதைக் கொண்டாட என்ன இருக்கிறது? அவ்வளவு மெனக்கெட்டவர்கள் உட்காரும் பலகையையும் சாயும் பலகையையும் ஏன் தனித்தனியாக வைத்தார்கள்? ஒரே துண்டாக அழுத்தியிருக்கலாமே?

ஒரு வாசகர், ஆம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஊதிப் பிரிவது பெரும்பாலும் மலிவான பசையின் கோளாறு. அதை விடுங்கள். இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது, அதற்கான பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது.

தோலை லாஸ்ட் மேல் இழுத்தால் அது கொடுக்கும். மூக்குப் பக்கம் மிஞ்சுவதை மடித்து அடியில் ஒளித்துவிடுவீர்கள். பிளைவுட்டில் அடுக்கி ஒட்டும் மெல்லிய மர ஏட்டுக்கு அந்த இழுவை கிடையாது. போஸ்ட் கார்டு மாதிரி ஒரு பக்கமாக வளையும், அவ்வளவுதான். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ 1932 வாக்கில் பைமியோ காசநோய் மருத்துவமனைக்காகச் செய்த நாற்காலி அப்படித்தான்: பலகை சுருண்டு இறங்கும், எங்கும் கிண்ணமாகக் குழியாது. கிண்ணமாக்கப் பார்த்தால்தான் வம்பு. ஏடுகளை ரேகை குறுக்காக மாற்றி மாற்றி ஒட்டியிருப்பதால் எந்தத் திசையிலும் விட்டுக்கொடுக்காது. ஓரம் சுருங்கும், இல்லை வெடிக்கும்.

சார்லஸ் ஈம்ஸும் அவர் நண்பர் ஈரோ சாரினெனும் 1940-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகப் போட்டிக்கு, இருக்கையும் முதுகும் சேர்ந்த ஒரே ஓடாக நாற்காலியை வடிவமைத்துப் பரிசும் வாங்கினார்கள். செய்து பார்த்தால் விரிசல். நுரையும் துணியும் போட்டு மூட வேண்டியதாயிற்று. அப்புறம் சார்லஸும் ரேயும் லாஸ் ஏஞ்சலஸ் வாடகை வீட்டில் பலகையை அச்சில் அழுத்தி வளைக்கும் ஒரு இயந்திரம் கட்டினார்கள். அழுத்தம் கொடுத்தது சைக்கிள் பம்ப்! அதில் கற்றதை வைத்து, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்குக் கால்முறிவுத் தாங்கி செய்தார்கள், சுமார் 1,50,000. அதன் பலகையில் நீளநீளமாகத் துளைகள் இருக்கும். கட்டுத்துணி நுழைக்க மட்டுமல்ல, வளைக்கும்போது பலகை வெடிக்காமலிருக்கவும்தான். தையல்காரர் ஜாக்கெட்டில் டாட் பிடிக்கிறாரே, அவருக்கும் இதே பாடுதான்.

நாற்காலியிலும் கடைசியில் பிடிவாதத்தை விட்டு இரண்டாக்கி, ரப்பர் வில்லை வைத்து இணைத்தார்கள். தோல்வி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாயும்போது முதுகுப் பலகை கொஞ்சம் அசைந்து கொடுக்கும் சுகம் அதனால்தான் வந்தது. 1952-ல் டென்மார்க்கின் ஆர்னே யாக்கப்சன் எறும்பு நாற்காலியை ஒரே துண்டாகவே செய்தார். ஆனால் இடுப்பை ஒடுக்கித்தான். அந்த இடத்தில் மரத்தைக் குறைத்ததால்தான் வளைவு தாங்கியது.

அடுத்த முறை வேலூரில் ஏதாவது கல்லூரி ஹாலில் பிளைவுட் நாற்காலி கிடைத்தால், உட்காருமுன் முதுகுப் பலகையை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். எத்தனை பக்கமாக வளைகிறது என்று எனக்கு எழுதுங்கள்.